சிவப்பு முள்

பிப்ரவரி 5, திங்கள்

கம்பெனிக்குக் கார்பன் பவுடர் விற்கிறவர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாசமாக மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் சொன்னால் அவர் சிரிப்பார். கம்பெனியில் சொன்னால் சாப்பாட்டு மணிக்குள் எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும்.

இன்று எங்கள் டெஸ்டிங் ரூமுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் சுகந்தி. அம்பத்தூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவளாம். புருஷனுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டதாம். வந்து நின்றதும் "வணக்கம்க்கா" என்றாள். அவளுக்கு முப்பத்தாறு, எனக்கு நாற்பத்து மூன்று. அக்காதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்ன தோரணையில் எனக்குப் பத்து வயசு கூடிவிட்டது.

கப்பலூரில் எங்கள் கம்பெனி, பம்புகளில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் செய்கிறது. அதன் கெட்டித்தன்மையை அளப்பது என் வேலை, பன்னிரண்டு வருஷமாக. "ரப்பர்ல என்னத்தக் கெட்டி பாக்குற?" என்று என் மாமியார் இன்னும் கேட்கிறார். அந்தக் காலத்துச் சட்டைப்பைக் கடிகாரம் போல ஒரு மீட்டர். அடியில் ஒரு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். ரப்பரின் மேல் வைத்து அழுத்த வேண்டும். மெத்தென்ற ரப்பர் என்றால் ஊசி உள்ளே இறங்கிவிடும், எண் குறைவாகக் காட்டும். கெட்டி ரப்பர் ஊசியை மேலே தள்ளும், எண் ஏறும். நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது நான்.

மீட்டர்கூட எனக்கு வேண்டாம். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வெளியூர் ஆள் யார் வந்தாலும் முதலாளி நேரே என்னிடம்தான் கூட்டிவருவார். "எங்க தமயந்தி வெரல வச்சே சொல்லிரும், பாக்குறீகளா?" என்பார். நான் விரலால் அழுத்தி அறுபத்தெட்டு என்பேன். பிறகு மீட்டரை வைத்துக் காட்டுவேன், அறுபத்தெட்டு இருக்கும். வந்தவர்கள் கை தட்டுவார்கள்.

இன்று முதலாளி டெஸ்டிங் ரூமுக்கு வந்தார். என் பக்கம் திரும்பாமல் சுகந்தியிடம் அம்பத்தூரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவளுடைய எலுமிச்சை ஊறுகாயை மொத்த ஷெட்டும் நக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அது புளிப்பு.

பிப்ரவரி 8, வியாழன்

தண்ணீர் வருகிற நாள். நாலு மணிக்கு எழுந்து தொட்டியை நிரப்பி, மாவை ஆட்டி வைத்து, அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து, ஏழே காலுக்குப் பஸ்ஸைப் பிடித்தேன். திருமங்கலத்திலிருந்து கப்பலூர் ஒன்றும் தூரம் இல்லை, ஆனால் அந்தப் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுதான் போகவேண்டும். போய் இறங்கும்போதே பாதி உசிர் போயிருந்தது. அந்த மகராசி ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறாள், புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஒரே பேடை இரண்டு பேரும் அளந்தோம். பேட் என்றால் பரிசோதனைக்கென்று தனியாக வார்க்கும் பிஸ்கட் அளவு ரப்பர் வில்லை. நான் அறுபத்தெட்டு. அவள் அறுபத்தைந்து.

அவள் அளப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மீட்டரை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கிறாள், உதடு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைகிறது. பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு நிற்பு. மீட்டரில் இரண்டு முள் உண்டு. கருப்பு முள் ஏறி இறங்கும். சிவப்பு முள், கருப்பு எதுவரை தள்ளியதோ அங்கேயே நின்றுவிடும். அழுத்து, எடு, சிவப்பைப் படி. இது என் வழி. அவள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் நான் மூன்று பேட் அளந்துவிடுவேன்.

"அக்கா, கொஞ்ச நேரம் புடிச்சு, கருப்பு முள்ளப் பாருங்களேன்" என்றாள்.

"ஒங்க அம்பத்தூர்ல ரப்பர் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் பாப்பீங்களோ?" என்றேன். மாரிச்சாமி கேட்டுவிட்டுச் சிரித்தான். ரப்பர் கலக்குகிற மெஷின் அவனுடையது. அவள் முகம் சிவந்து போயிற்று. அவள் நோட்டில் அறுபத்தைந்து என்றே எழுதினாள். வாய்ச்சண்டை போடுகிறவளை நான் சமாளித்துவிடுவேன். இப்படி ஊமையாக இருந்தே ஜெயிக்கிறவளை என்ன செய்வது?

பிப்ரவரி 12, திங்கள்

எங்கள் மேனேஜர் வைத்திலிங்கம் சார் இந்த மாசத்தோடு ஓய்வு பெறுகிறார். இருபத்தொன்பதாம் தேதி. "நாலு வருஷத்துக்கு ஒரு தடவ நெனச்சுக்கிட்டாப் போதும்" என்று அவரே சிரிக்கிறார்.

ஒவ்வொரு லாட்டோடும், அதாவது ஒரே கலவையில் வார்த்த சீல்களோடும், ஒரு சர்டிபிகேட் போகும். நான் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சார் அதை ஆபீஸில் டைப் செய்யச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். நான் ஒரு தடவைகூட அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. தேவையும் இருந்ததில்லை. அளந்தது நான், அது எனக்குத் தெரியும். ஆனால் சார் போன பிறகு கையெழுத்து யாருடையது? பன்னிரண்டு வருஷம் அளந்தவளுக்குத்தானே வரவேண்டும்? என் பெயர் ஒரு காகிதத்தில் அடித்து, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டு, அது கோயம்புத்தூர்ப் பம்ப் கம்பெனி வரை போகவேண்டும். இவ்வளவுதான் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அவரிடம் மட்டும் போன தீபாவளிக்குச் சொன்னேன். "ஒனக்குத்தான், வேற யாருக்கு?" என்றார்.

இன்று முதலாளி கூப்பிட்டு, பம்ப் கம்பெனியிலிருந்து பிரிட்டோ சார் இருபத்தேழாம் தேதி வருகிறார் என்றார். அந்தப் பம்ப் கம்பெனியின் வேலைதான் எங்களுக்கு முக்கால்வாசி. "அஞ்சு பேடு கொண்டு வர்றாக. சரியான நம்பர எழுதிக் கவர்ல போட்டு ஒட்டி வச்சிருப்பாக. நீயும் சுகந்தியும் தனித்தனியா அளக்கணும். யாருது சரியா வருதோ அவுகதான் இனிமே கையெழுத்து."

பரீட்சையாம். எனக்கு.

பிப்ரவரி 13, செவ்வாய்

வயிறு எரிகிறது என்பதை இவ்வளவு நாள் சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே எரிகிறது. மோர் குடித்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

இலங்கையிலிருந்து இரண்டு பேர் கம்பெனி பார்க்க வந்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன். முதலாளி அவர்களை நேரே சுகந்தியிடம் கூட்டிப்போனார். அவள் மீட்டரைக் காட்டி, நேரம் எண்ணுவதைக் காட்டி, ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அதில் ஒருவர், "வெரலால சொல்ற அம்மா இருக்காங்களாமே?" என்று கேட்டார். முதலாளி, "அது... சும்மா வெளையாட்டுக்குங்க" என்றார்.

பன்னிரண்டு வருஷம் விளையாட்டு.

வீட்டுக்கு வந்து சட்டியை ஓங்கி வைத்ததில் அது விரிசல் விட்டுவிட்டது. "என்னடி, மூஞ்சி பத்து ஊருக்குத் தெரியுது?" என்றார் அவர். டவுன் பஸ் ஓட்டுகிறவர், என் முகத்தைக் கண்ணாடியில் வருகிற லாரி மாதிரி முன்கூட்டியே பார்த்துவிடுவார். விஷயத்தைச் சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்சத அவ சொல்றா. ஒனக்கு எதுக்குக் காந்துது?" என்றார். எனக்குக் காந்தவில்லை என்றேன். சோற்றில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதும், அதற்குத்தான் அழுகிறேன் என்று அழுது தீர்த்தேன்.

பிப்ரவரி 17, சனி

இன்று நன்றாகச் செய்தேன். ஒளிவுமறைவு இல்லாமல், எல்லாருக்கும் முன்னால்.

முதலாளி, சார், சுகந்தி, மாரிச்சாமி எல்லாரும் ஷெட்டில் இருந்தபோது போய் நின்றேன். "மொதலாளி, பரீட்சைக்கு நான் பயப்படல. ஆனா அஞ்சு பேட வச்சு ஆளத் தீர்மானிக்கக் கூடாது. பன்னெண்டு வருஷ நோட்டு என் டிராயர்ல இருக்கு. நாம அனுப்புன சர்டிபிகேட்டு அவுககிட்ட இருக்கும். பிரிட்டோ சாரை அத்தனையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கட்டும். இத்தன வருஷத்துல நான் அளந்ததுல ஒரு லாட்டாவது கெட்டித்தன்மை தப்புன்னு திரும்பி வந்துச்சா? எவ கை சரியான கைன்னு அப்பத் தெரியும்."

முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "ஆமாய்யா, அதுவும் ஒரு பெருமைதானே" என்று அங்கேயே போனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் பேசிவிட்டார். பிரிட்டோ சார் ஃபைலைக் கொண்டுவருகிறாராம்.

வைத்திலிங்கம் சார் முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்கும்மா பழசையெல்லாம் கெளறிக்கிட்டு?" என்றார். சுகந்திக்கு வேர்த்துவிட்டது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அவர்களுக்குள் ஏதோ பேச்சு இருக்கிறது. சார் கையெழுத்தை அவளுக்குத்தான் கொடுக்க நினைத்திருக்கிறார், என் நோட்டு வெளியே வந்தால் கதை கெட்டுவிடும். பன்னிரண்டு வருஷம் அவருக்குக் காபி எடுத்துக் கொடுத்தவள் நான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கை கழுவுகிற இடத்தில் சுகந்தி என்னைத் தனியாக மடக்கினாள். "அக்கா, அந்த நோட்ட வெளிய எடுக்காதீங்க. காணோம்னு சொல்லிடுங்க. ப்ளீஸ்க்கா."

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமாக்கா" என்றாள். "உங்களுக்காகத்தான் பயமா இருக்கு."

என்ன நடிப்பு! கண்ணில் தண்ணீர்கூட நின்றது. போய் நோட்டுகளையெல்லாம் டிராயரிலிருந்து எடுத்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதினொரு நோட்டு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை, தக்காளிச் சட்னி. அவர் நோட்டுகளைப் பார்த்து, "பீரோல வச்சுப் பூட்டு, தங்கம்ல" என்று கேலி செய்தார். பூட்டித்தான் வைத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

சார் இன்று என் மேஜைக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் ஏதோ சொல்ல வாயெடுத்து, வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 26, திங்கள்

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

நேற்று தலைவலி இல்லை. பொய்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுகந்தி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. "அக்கா, நான் சொல்லலன்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் தெரியும். அதுக்கு நானே சொல்லிடறேன். நீங்க சீட்டுல எழுதற நம்பர்ல சார் மூணு குறைச்சுத்தான் சர்டிபிகேட் போடுவாரு. நான் வந்த மொத நாளே என்கிட்ட சொன்னாரு, தான் இல்லாதப்ப தமயந்தி சீட்டு வந்தா மூணு குறைச்சுடுன்னு. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானாம்."

நான் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவளுடைய அம்மாவையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு எழுந்து ஆபீஸுக்குப் போய், போன வாரம் போன லாட்டின் நகலைக் காட்டச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்தது அறுபத்தெட்டு, நன்றாக நினைவிருக்கிறது. காகிதத்தில் அறுபத்தைந்து, கீழே சார் கையெழுத்து. அதற்கு முந்தினது: எழுபது, அறுபத்தேழு. அதற்கும் முந்தினது கேட்கவில்லை.

இன்று விடியற்காலைப் பஸ்ஸுக்கே கிளம்பினேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். டெஸ்டிங் ரூமில் யாரும் இல்லை. ஒரு பேடை எடுத்து மீட்டரை வைத்து அழுத்தினேன். அறுபத்தெட்டு. எடுக்காமல் அப்படியே பிடித்தேன். ஒன்று எண்ணினேன், கருப்பு முள் அறுபத்தேழுக்கு வந்தது. இரண்டு, மூன்று. அறுபத்தைந்தில் வந்து நின்றது. சிவப்பு முள் மட்டும் அறுபத்தெட்டிலேயே விறைத்துக்கொண்டு நின்றது. அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், அதற்கு மூன்று எண்ணும் நேரம் வேண்டும். நான் அந்த நேரத்தை ஒரு நாளும் கொடுத்ததில்லை. என் விரல் சொன்னதை மீட்டர் சொன்னது என்று கை தட்டினார்களே, அந்த விரலும் என்னுடையது, மீட்டரைப் பிடித்த அவசரக் கையும் என்னுடையது. இரண்டும் சேர்ந்தே தப்புச் சொல்லியிருக்கின்றன.

ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம்தான் முதலில் வந்தது. இப்போது எனக்கும் வழி தெரியும். மூன்று எண்ணி, கருப்பைப் படித்தால் ஐந்து பேடும் சரியாக வரும். சுகந்திக்கு ஒன்று தப்பினால்கூட கையெழுத்து எனக்கு. நோட்டுகளைப் பற்றிக் கேட்டால் பஸ்ஸில் தொலைந்துவிட்டன என்று சொல்லிவிடலாம்.

ஆனால் பத்து மணிக்குப் பிரிட்டோ சார் வந்து உட்கார்ந்ததும் முதலாளியே, "நம்ம தமயந்தி நோட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கு. எடும்மா" என்று என் பையைக் காட்டினார். ஆமாம், பையில் கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. எடுத்து வைத்தேன்.

பிரிட்டோ சார் சின்ன ஆள், கண்ணாடி, மெதுவாகப் பேசுகிறவர். ஃபைலை விரித்து நோட்டைப் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைத்திலிங்கம் சாரைப் பார்த்தார்.

"இங்க அறுபத்தெட்டுன்னு அளந்திருக்காங்க. எங்களுக்கு அறுபத்தஞ்சுன்னு வந்திருக்கு. எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கு. அப்ப அளந்த நம்பர விட்டுட்டு, எங்களுக்குப் புடிச்ச நம்பரப் போட்டு அனுப்பிச்சிருக்கீங்க. பன்னெண்டு வருஷமா. இத நான் மேல சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

முதலாளி எழுந்தேவிட்டார். "என்ன சார் இது?" என்று வைத்திலிங்கம் சாரைப் பார்த்துக் கத்தினார். சார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளில் மாலை போட்டு அனுப்ப வேண்டிய மனிதர், பொய்க் கையெழுத்துக்காரராக நின்றார். அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான். நோட்டைக் கொண்டுவா, ஃபைலைக் கொண்டுவா என்று குதித்ததும் நான்தான்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பேசினேன்.

"சார், அவர் அனுப்புனது பொய் இல்ல. என் நோட்டுதான் தப்பு. என் கை மூணு கூடச் சொல்லும். அவர் அதக் கழிச்சுட்டு சரியானதத்தான் அனுப்பியிருக்கார்."

"இப்ப சொல்றீங்க. எப்படி நம்புறது?"

"அஞ்சு பேடு கொண்டுவந்திருக்கீங்கல்ல. எப்பவும் அளக்குற மாதிரியே அளக்குறேன். ஒவ்வொண்ணுலயும் மூணு கூட வரும். வந்துச்சுன்னா அவர் போட்டதெல்லாம் சரி. வரலைன்னா எங்க எல்லாரையும் பொய்யின்னு எழுதிக்கோங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சரியாக அளப்பது எப்படி என்று காலையில்தான் கற்றிருந்தேன், இப்போது தப்பாக, கச்சிதமாக மூன்று தப்பாக அளக்க வேண்டும். முதல் பேடில் வைத்து அழுத்தியதும் கை எடுக்கவே மாட்டேன் என்றது. கொஞ்சம் பிடி, முள் இறங்கும், கையெழுத்து உனக்குத்தான் என்று உள்ளே ஒன்று கத்துகிறது. நல்ல மனசால் எடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை வருஷம் தப்பாக அளந்தேன், சரி, ஒரே மாதிரியாவது அளந்தேனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வெடுக்கென்று எடுத்தேன். சிவப்பைப் படித்தேன்.

அறுபத்தெட்டு. எழுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு. அறுபத்து நாலு. எழுபது.

சுகந்தி தனியாக அளந்து சீட்டைக் கொடுத்தாள். பிரிட்டோ சார் கவரைக் கிழித்தார். அறுபத்தைந்து, எழுபது, ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு, அறுபத்தேழு. நாலாவதில் மட்டும் இரண்டுதான் கூட. மற்ற நாலிலும் மூன்று. சுகந்தியினுடையது நாலாவதில் மட்டும் ஒன்று குறைவு, மற்றதெல்லாம் சரி.

பிரிட்டோ சார் இரண்டு சீட்டையும் கவர்க் காகிதத்தோடு இன்னொரு தடவை ஒத்துப் பார்த்தார். பிறகு, "இப்படி ஒரு கையை நான் பாத்ததில்ல" என்றார். பாராட்டா, திட்டா, தெரியவில்லை. வைத்திலிங்கம் சார் செய்தது முறையில்லை, ஆனால் எண் பொய்யில்லை, இதை இங்கேயே விட்டுவிடலாம், இனிமேல் அளக்கிற எண்ணே காகிதத்தில் வரவேண்டும் என்றார். முதலாளி கும்பிட்டார். கையெழுத்து சுகந்திக்கு. யாரும் தனியாகச் சொல்லக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மூட்டைத் துணி துவைத்தேன். துவைத்ததையே திரும்பவும் துவைத்தேன்.

பிப்ரவரி 29, வியாழன்

சாருக்கு மாலை, சால்வை, கேசரி. எல்லாரும் போன பிறகு சார் என் மேஜைக்கு வந்தார். "என் மானத்தக் காப்பாத்திட்டம்மா" என்றார்.

எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. "பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் சால்வையை மடித்தார், பிரித்தார். "நீ சேந்த மொத மாசம் பம்ப் கம்பெனி ஆளு போன்ல சொன்னான், ஒங்க எண்ணு மூணு கூட இருக்குன்னு. ஒன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன். அன்னைக்கு மொதலாளி யாரையோ கூட்டியாந்து ஒன் வெரலக் காட்டிக்கிட்டு இருந்தாரு. சரி, அப்புறம் சொல்லலாம்னு மூணக் கொறச்சு அனுப்பிட்டேன். ரெண்டு மாசம் போச்சு. அதுக்கப்புறம் சொன்னா, இத்தன நாளு ஏன் கொறச்சு அனுப்புனேன்னு என்னையத்தானே கேப்பாக? வேல போயிரும்ல."

அவ்வளவுதான். என் மனசு நோகக் கூடாது என்று மறைத்தார் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். அவருக்கு அவர் நாற்காலிதான் பெரிசு. நான் என் கையெழுத்தை விட்டுக் கொடுத்தது அந்த நாற்காலிக்கு. கேசரியை அப்படியே மூடி வைத்துவிட்டேன். "நல்லா இருங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? பெரியவர்.

மார்ச் 1, வெள்ளி

பஸ்ஸில் நின்றபடியே யோசித்துக்கொண்டு போனேன். சாருக்குத் தெரியும், சொல்லவில்லை. டைப் அடிக்கிறவருக்குத் தெரியும், சொல்லவில்லை. மாரிச்சாமிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்க்கா, ஊருக்கே தெரியும்" என்று தலையைச் சொறிந்தான். என் விரலைப் பார்த்துக் கை தட்டினவனும் அவன்தான்.

வந்து நாலாம் நாளே, என் முகத்துக்கு நேராக, கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள் என்று சொன்னவள் ஒருத்திதான். அவளைத்தான் ஷெட்டே சிரிக்கிற மாதிரி அவமானப்படுத்தினேன். திங்கட்கிழமை அவளுடைய அம்மாவைச் சொன்னேன்.

அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசை. கேட்கவில்லை. அவள் சுவரில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தாள், பரிசோதனை அதிகாரி என்று அவள் பெயர் போட்டு. பலகை கோணலாக இருந்தது. சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். வயிறு இன்னும் எரிகிறது. இது சீக்கிரம் போகிற எரிச்சல் இல்லை.

மார்ச் 2, சனி

காலையில் அவளே ஒரு பேடைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "இந்த லாட் நீங்க அளங்கக்கா."

"நீயே அள. கையெழுத்து ஒன்னுதுதானே" என்றேன்.

"கையெழுத்து என்னுது. அளக்கறது நீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள். பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

மீட்டரை வைத்தேன். அழுத்தினேன். மூன்று எண்ணினேன், யாருக்கும் கேட்காமல். கருப்பு முள் அறுபத்தாறில் நின்றது. சீட்டில் அறுபத்தாறு என்று எழுதி, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆபீஸில் அந்தக் காகிதம் மேஜை மேல் இருந்தது. நகல் இல்லை, அசலை முதல் தடவையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அதற்கு மேலே எண் இருந்தது. அறுபத்தாறு. அவள் எதையும் குறைக்கவில்லை.